தீர்ந்துபோன சிரிஞ்ச்

ரத்த அழுத்தம் விழாமல் தாங்கும் மருந்து தீர்ந்துவிட்டது. மருந்தை இடைவிடாமல் உடம்புக்குள் செலுத்தும் பம்பிலிருந்து பழைய சிரிஞ்சைக் கழற்றி வைத்துவிட்டு, அதன்பிறகு சாவகாசமாகப் புதியதை நிரப்ப உட்கார்கிறான் புது நர்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவனுக்கு இது நான்காம் நாள். வீட்டில் உப்பு டப்பாவை இப்படி நிரப்பலாம். இங்கே திரையில் தொண்ணூறு எழுபதாகிறது, ஐம்பதாகிறது. அலாரம் அலறுகிறது. படுக்கையில் கிடப்பவரின் உதடு வெளுக்கிறது. யாரோ இரவல் கொடுத்தவை போன்ற விரல்களால் அவன் மருந்துக் குப்பியோடு மல்லுக்கட்டுகிறான். சீனியர் அக்கா ஓடிவந்து எல்லாவற்றையும் பிடுங்கி, நிரப்பி, மாட்டி, ஓடவிடுகிறாள். ஐம்பத்தைந்து. திரையின் பச்சை வெளிச்சம் அவளுடைய வியர்த்த நெற்றியில் துடிக்கிறது. அவனுக்கு மூச்சு வரவில்லை. ஒழுங்காக மூச்சுவிடும் வென்டிலேட்டரைப் பொறாமையோடு பார்க்கிறான். “புதுசை ஓடவிட்டுட்டுத்தான்டா பழசை எடுக்கணும்! யாரும் சொல்லித்தரலையா?” “போகப் போகப் பழகிடும்னாங்கக்கா.” அறுபது. எழுபத்தைந்து. வந்த நாளிலிருந்து யாரைக் கேட்டாலும் சிரித்து மழுப்பிய கேள்வியை, கட்டில் கம்பியை இறுகப் பிடித்தபடி அவன் கேட்கிறான்: “அக்கா, என்னை நம்பி இவரைத் தனியா விடலாமா?” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கூடாதுடா. இன்னும் ரெண்டு மாசத்துக்குக் கூடவே கூடாது. மேட்ரன்கிட்ட நானே சொல்றேன்.”