நாலாம் தேதி காலை

விசாரணை அதிகாரி மேசைமேல் ஒரே ஒரு தாளை வைத்தார்.

மருத்துவமனைக் கணினிகளைப் பூட்டியவர்கள் யார் என்று அதில் இல்லை. ஐந்து நாட்டுக் கணினிகள் வழியாகச் சுற்றி வந்திருக்கிறார்கள். கிடைத்த தடயங்கள்கூட, வேறு யார் தலையிலோ கட்டுவதற்காக வேண்டுமென்றே விட்டுப்போனவையாக இருக்கலாம் என்றார்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம். செஞ்சவன் யாருன்னு சொல்ல முடியல. அவனை உள்ள விட்டது யாருன்னு மட்டும் தெரியும்."

நாற்பது நாள் முன்பு, நாலாம் தேதி காலை, எங்கள் வார்டில் ஒரு மின்னஞ்சலைத் திறந்திருக்கிறார்கள். அதில் பதுங்கி வந்த வைரஸ் போன வியாழக்கிழமைதான் தன் வேலையைக் காட்டியது. அன்று அவசரமாக வேறு மருத்துவமனைக்கு அனுப்பிய ஏழு நோயாளிகளில் ஒருவர் வழியிலேயே இறந்துபோனார்.

திறந்தவருக்கு இன்றே வேலை போகும்.

தாளில் இருந்தது பெரிய சிஸ்டரின் பெயர். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. புதுக் கணக்குக் கேட்டால் இரண்டு மாதம் ஆகும், அதுவரை நோயாளி ஊசிக்குக் காத்திருப்பாரா? அவருடைய கடவுச்சொல்லில்தான் நாங்கள் ஆறு நர்ஸ்களும் வேலை பார்த்தோம்.

பெரிய சிஸ்டர். வார்டுக்குள் நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

அதிகாரி மின்னஞ்சலின் தலைப்பைப் படித்தார்: 'உங்கள் மகளின் பணி நிரந்தரம் குறித்து.'

பக்கத்தில் இருந்த மூத்த நர்ஸ், மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

"அவங்கதான் திறந்திருப்பாங்க சார். பெத்த மனசு இல்லையா. போன மாசம் தவறிட்டாங்க."

யாரும் மறுக்கவில்லை. செத்தவரை வேலையை விட்டு நிறுத்த முடியாது.

அதிகாரி எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். 'பெரிய சிஸ்டரின் கவனக்குறைவால்...'

கவனக்குறைவாம். முப்பத்தொரு வருடத்தில் மருந்துச் சீட்டை இரண்டு முறை படிக்காமல் ஒரு மாத்திரை கொடுத்தவரில்லை அவர். நாலாம் தேதி வார்டுக்கே வரவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் விழுங்க முடியாமல் வீட்டில் படுக்கையில் கிடந்தார்.

மூத்த நர்ஸின் காலடியிலிருந்து என் காலை உருவிக்கொண்டு எழுந்து நின்றேன்.

"அம்மா திறக்கல சார். நான்தான் திறந்தேன்."