தெளிவான பிரிண்ட்

"கேசட்டுல பாக்குற சொகம் இதுல வருமா? பழைய பிரிண்டே போதும்" என்றார் வைத்திலிங்கம், நான்காவது முறையாக.

மகள் பாரதி கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் வந்த பாட்டும் சிரிப்புமான படம் அது. இப்போது தெளிவாக்கி வெளியிட்டிருந்தார்கள். காரைக்கால் கடற்கரையில் எடுத்த பாட்டில், கூட்டத்தோடு ஆடுகிறவர்களில் அப்பாவும் ஒருவர். கேசட்டில் எல்லா முகமும் கொழுக்கட்டை மாவு மாதிரி இருக்கும். அவர் விரல் வைத்துக் காட்டிய ஆளைத்தான் வீடே நம்பி வந்தது.

பாட்டு வந்தது. மணல்கூடத் துல்லியமாகத் தெரிந்தது.

"அப்பா, நீங்க காட்டுற ஆளு வேற யாரோ! இத்தன வருசமா ரீல் விட்டீங்களா?"

"ஆமாம்மா, பொய்தான். டிவிய அமத்திடு."

"நிறுத்துடி அங்கயே!" மனைவி செண்பகம் டிவியை நெருங்கினாள். "பின்னால முக்காடு போட்டு ஆடுறாளே, அவ கட்டியிருக்கறது என் கூறப்பொடவ!"

வெயில் காட்டக் கொடியில் போட்டிருந்தபோது காணாமல் போன புடவை. அந்தத் திருட்டுச் சந்தேகத்தில்தான் பக்கத்து வீட்டு ராஜகுமாரியோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

"எவ அவ? மொகத்தப் பெருசாக்கு."

பாரதி பெரிதாக்கினாள். முக்காட்டுக்குள் வைத்திலிங்கத்தின் மீசை தெரிந்தது.

"ஆட பொம்பள ஆளு பத்தலன்னாங்க. அலையில பொடவ கிழிஞ்சிருச்சு..." என்றார் அவர், தரையைப் பார்த்து.

செண்பகம் வாசலுக்கு ஓடினாள்.

"ராஜகுமாரி அக்கா! சீக்கிரம் வாங்க! பொடவ களவாணி டிவியில ஆடிக்கிட்டு இருக்கா!"