அண்ணாதுரை சாரின் நோட்டு

திம்மராயனை வேலையை விட்டு அனுப்பியதைக்கூட, கம்பெனியில் எச்.ஆர். அதிகாரியாகப் புதிதாகச் சேர்ந்திருந்த வினிதா எப்படியோ பொறுத்துக்கொண்டாள். அவன் பேரை அண்ணாதுரை சாரிடம் சொல்ல வேண்டுமே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஓசூர் கம்பெனிகளின் எச்.ஆர். அதிகாரிகள் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு ஓட்டலில் கூடுவார்கள். பழையவர்கள் புதியவர்களுக்கு அனுபவத்தைச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. அனுபவம் அரை மணி நேரம், சாப்பாடு ஒன்றரை மணி நேரம்.

அங்கே அண்ணாதுரை சார் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இருபத்தைந்து வருட சர்வீஸ். சத்தம் போட வருகிறவனுக்கு முதலில் தண்ணீர் கொடு, குடித்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடும் என்பார். பஸ் வரவில்லை என்று லேட்டாக வருகிறவனை நம்பாதே. சானமாவு காட்டில் யானை வழியை மறித்தது என்கிறவனை நம்பு, அது மறுநாள் பேப்பரில் வந்துவிடும் என்பார். புதியவர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள்.

அவரும் ஒரு நோட்டு வைத்திருந்தார். வம்பு செய்து வெளியே அனுப்பப்பட்டவர்களின் பேர் அதில் இருக்கும். யாரை அனுப்பினாலும் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார். அப்புறம் ஜூஜூவாடியிலிருந்து கிருஷ்ணகிரி வரை எந்தக் கம்பெனிக் கேட்டும் அந்த ஆளுக்குத் திறக்காது. எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் அத்திப்பள்ளிப் பக்கம் போனாலும் திறக்காது. தண்ணீருக்கு இருக்கிற எல்லைத் தகராறு அந்த நோட்டுக்கு இல்லை.

திம்மராயன் செய்த வம்பு, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷினை நிறுத்தியது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். விரல் உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அப்படி. உருப்படி சீக்கிரம் விழ வேண்டுமென்று சூப்பர்வைசர் ஒரு பட்டனில் கட்டையை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார். அதை எடுக்காமல் ஓட்டமாட்டேன் என்று திம்மராயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு ஷிப்ட் உற்பத்தி போயிற்று. முதலாளி கட்டையை விட்டுவிட்டு ஆளை எடுத்துவிட்டார்.

போகும்போது அவன் வினிதாவிடம் கேட்டது ஒன்றுதான்.

"அனுப்பறதுன்னா அனுப்புங்க மேடம். நோட்டுல மட்டும் பேரைச் சேர்த்துடாதீங்க. ரெண்டு புள்ளைங்க படிக்குது. பிரஸ்ஸை விட்டா எனக்கு வேற வேலை தெரியாது."

அந்தச் சனிக்கிழமை, ஒரு பேரை மட்டும் விட்டுவிடலாமா சார் என்று வினிதா மெல்லக் கேட்டுப் பார்த்தாள். அண்ணாதுரை சார் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சிரித்தார்.

"நீ புதுசும்மா. இந்த வேலைக்கு இளகின மனசு ஆகாது. பேரு, ஊரு, என்ன மிஷினு, எத்தனை வருஷம், எதுக்கு அனுப்பினீங்க... சொல்லு."

சொன்னாள். அவனுக்குச் சாதகமாக இருக்கட்டும் என்று கட்டை விஷயத்தையும் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்று விடாமல் எழுதினார். வினிதாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று இருந்தது.

மூன்று மாதம் கழித்து அண்ணாதுரை சார் புதியவர்களைத் தன் தொழிற்சாலைக்கே அழைத்தார். அது 2006. ஓசூரில் எந்தக் கம்பெனியிலும் ஆள் நிற்காத காலம். நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த கேட்டுக்குப் போய்விடுவார்கள். அவரிடம் மட்டும் ஆட்கள் வருடக்கணக்கில் அப்படியே இருந்தார்கள். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் எல்லோரும் போனார்கள்.

பிரஸ் பகுதியில், நான்காவது மிஷினில் நின்றுகொண்டிருந்தவன் திம்மராயன்.

வினிதாவுக்குத் திக்கென்றது. யாரையோ பிடித்து, வேறு பேரில் உள்ளே வந்துவிட்டான் போலிருக்கிறது. சார் கண்ணில் பட்டால் தொலைந்தான். இந்தத் தடவை காட்டிக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தாள். குறுக்கே வந்து நின்று மறைத்துக்கொண்டு, கேன்டீன் எந்தப் பக்கம் சார் என்று கேட்டாள்.

அண்ணாதுரை சார் அவளைத் தாண்டிப் பார்த்தார்.

"என்ன திம்மராயா, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

"விட்டுடுச்சு சார்."

வினிதா விழித்தாள். மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று காத்திருந்து அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இவன் மட்டுமில்லம்மா. இந்த வரிசையில நிக்கிற பதினாறு பேரும் நோட்டுல இருக்கறவங்கதான். மிஷின் சரியில்லைன்னா சரியில்லைன்னு சொல்றவன்தான் எனக்கு வேணும். அப்படிப்பட்டவனை நான் எங்க போய்த் தேடறது? நீங்கதான் பொறுக்கி எடுத்து, ஊரு பேரோட எங்கிட்ட சொல்லிடறீங்களே."

வினிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதப் பாரம் ஒரு நிமிடத்தில் இறங்கியது. இவரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"பெரிய மனசு சார் உங்களுக்கு. அதான் வேலை குடுத்துட்டீங்களே, இனிமே அவங்க பேரையெல்லாம் நோட்டுல இருந்து எடுத்துடலாமே சார்."

அண்ணாதுரை சார் அவளை அதிசயமாகப் பார்த்தார்.

"எடுத்துட்டா, நாளைக்கே வேற கம்பெனிக்குப் போயிடுவாங்களேம்மா."