ஒரு துண்டு எலும்பு

"உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படி ஊறப்போட்டு வேடிக்கை பார்ப்பீங்களா?"

மகளின் கால் கட்டியிலிருந்து ஊசியால் குத்தி எடுத்த எலும்புத் துண்டுக்கு இன்னும் முடிவு வரவில்லை. லேப் வாசலில் நின்று அவள் கத்தினாள். வாழ்நாளில் யாரிடமும் இப்படிக் கத்தியதில்லை.

லேப் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"எலும்பும்மா. சதை மாதிரி உடனே சீவிப் பார்க்க முடியாது. மருந்துத் தண்ணியில ஊறி, மெல்ல மெல்ல இளகணும்."

"அதுக்காக இத்தனை நாளா? நாங்க தினமும் செத்துப் பிழைக்கிறோம்."

"ஆசிட்ல போட்டா நாளைக்கே இளகிடும். ஆனா கட்டிக்குள்ள உடம்போட எதிர்ப்புச் செல்லுங்க எவ்வளவு புகுந்து சண்டை போடுதுன்னும் பார்க்கணும். நிறைய இருந்தா, பொண்ணு தேறிடுவான்னு கூடுதலா நம்பலாம். ஆசிட் பட்டா அதைக் காட்டுற சாயம் பிடிக்காம போயிடும். கொஞ்சம் பொறுங்களேன்."

"சாயமும் வேணாம், சண்டையும் வேணாம். புற்றா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்!"

சொன்னபடியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

டாக்டரம்மா குனிந்து அவள் தோளைத் தொட்டார்.

"சரி, எழுந்திரிங்க. போய் பொண்ணுகூட இருங்க."

மறுநாளே முடிவு வந்துவிட்டது. புற்றுதான்.

கணவனிடம் அவள் லேப் சண்டையைச் சொல்லவில்லை. அவனே உடைந்து போயிருந்தான்.

அடுத்த நாள் பெரிய டாக்டர் கூப்பிட்டார். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு மகள் அவள் மடியில் சாய்ந்திருந்தாள். வீட்டில் மகளுக்கு 'வாலு' என்று பெயர். இப்போது வால் சுருண்டு கிடந்தது.

"என்ன வகைப் புற்றுன்னு தெரிஞ்சுடுச்சு. ஆனா எதிர்ப்புச் செல் எவ்வளவு இருக்குன்னு பார்க்க முடியல. எலும்பு ஆசிட்ல கெட்டுப்போச்சு. மருந்து ஏத்த ஆரம்பிச்சுட்டா அப்புறம் பார்த்துப் பிரயோஜனம் இல்ல. அதனால, முன்னாடியே இன்னொரு துண்டு எடுக்கணும்."

"மறுபடியும் ஊசியா?" என்றான் கணவன்.

வாலு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இனிமே குத்தவே மாட்டாங்கன்னு சொன்னியேம்மா?"

மகள் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"யார் சார் அந்த ஆளு? பிள்ளை உடம்புன்னா விளையாட்டா?" கணவன் எழுந்தே விட்டான்.

"இருங்க, லேப் டாக்டரை வரச் சொல்லியிருக்கேன். அவங்களே பதில் சொல்லட்டும்."

கதவு திறந்தது. லேப் டாக்டரம்மா உள்ளே வந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். 'இப்போ சொல்லிடுவாங்க. சொல்லட்டும். நானே சொல்லிடலாமா?'

கணவன் பாய்ந்தான். "ஏங்க, உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

அதே கேள்வி. அவளுக்குக் காது எரிந்தது.

"ஊறட்டும்னு விடறதுதானே உங்க வழக்கம்? இதுல மட்டும் என்ன அவசரம்? யாராவது வற்புறுத்தினாங்களா?" என்றார் பெரிய டாக்டர்.

"இல்ல சார். யாரும் வற்புறுத்தல. நானாத்தான் அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னோடது."

"எழுத்துல விளக்கம் குடுக்க வேண்டியிருக்கும்."

"குடுத்துடறேன் சார்."

திரும்பியவர், வாலுவின் கன்னத்தை லேசாகத் தொட்டார். பிறகு முதல்முறையாகப் பார்ப்பவர் போல அவளிடம் கேட்டார்:

"நீங்கதான் குழந்தையோட அம்மாவா?"