நிறுத்திய மெஷினிலிருந்து பதில்

நிறுத்தி வைத்த மெஷின் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜானகி கண்ணைக் கசக்கிவிட்டுத் திரையை மறுபடி பார்த்தாள். நாற்பத்தேழாம் எண்ணுக்குக் குரல் கொடுத்தால் ‘இருக்கிறேன்’ என்று பதில் வருகிறது. அது அவளுடைய மெஷின். தொடர்பு வருவதும் போவதுமாக இருந்ததால், இப்போதுதான் அவளே நிறுத்தினாள்.

மெஷின் என்றால் தனிப் பெட்டி கிடையாது. அவளுடைய கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். நிஜத்தில் வெறும் ஒரு ஃபோல்டர்.

முதலில் அது பிஜி ஹாஸ்டல் காயின் போன் மாதிரி இருந்தது. வெளியே பேசலாம், உள்ளே யாரும் கூப்பிட முடியாது. கிளையன்ட் பார்க்க வேண்டுமே என்று, ஆபீஸ் நெட்வொர்க்கில் அதற்கே நாற்பத்தேழு என்று தனி எண் கொடுத்தாள். அன்று பிடித்த தலைவலி இன்னும் விடவில்லை.

நாலு மணிக்கு டெமோ. ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம். சொதப்பினால் டிரெயினிங்கோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அறைத்தோழி அம்ருதா மட்டும் இதைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். நேற்று அவளும் விடாமல் கேட்டாள், இந்த மெஷினெல்லாம் எப்படி ஓடுகிறது என்று. வேலை தேடி அலைகிறவள் ஆயிற்றே என்று ஜானகி தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய பயோடேட்டாவை டீம் லீடர் ஷ்ரேயாஸிடம் கொடுத்ததும் ஜானகிதான்.

“சிவாஜிநகர் போய்ட்டு வரேண்டி, என்னுது அறுந்துபோச்சு, உன் மெரூன் செருப்பைப் போட்டுக்கறேன்” என்று காலையில் அம்ருதா கிளம்பிப் போயிருந்தாள்.

பிரௌசரில் அதே எண்ணைத் தட்டினாள் ஜானகி. அவள் செய்த பக்கமேதான். ஆனால் நேற்று பச்சையாக்கிய தலைப்பு பழையபடி நீலமாக இருந்தது.

பயமாக இருந்தது. ஷ்ரேயாஸிடம் ஓடினாள்.

“சும்னே டென்ஷன் ஆகாதே ஜானகி, நெட்வொர்க்னா அப்படித்தான். ரீஸ்டார்ட் பண்ணு” என்றார் அவர், கன்னடம் கலந்த தமிழில். முகத்தை நிமிர்த்தவில்லை.

இடத்துக்குத் திரும்பி நாற்காலியில் உட்காரும்போதுதான் உறைத்தது. போன வாரம் பேக்கப் வேண்டும் என்று அந்த ஃபோல்டரை அவர் காப்பி எடுத்துக்கொண்டு போனார். ஃபோல்டரை காப்பி எடுத்தால் எண்ணும் கூடவே போகும்.

அப்படியானால் அது இதே ஆபீஸில் எங்கோ ஓடுகிறது. அதன் முன்னால் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

டீமின் மற்ற மெஷின்களெல்லாம் இருக்கும் கீழ்த்தளத்து லேபுக்குப் படியிறங்கினாள். தூசி ஆகாது என்று அங்கே எல்லோரும் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கதவு சாத்தியிருந்தது. வாசலில் இரண்டு ஜோடி ஷூ, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

அவற்றை ஒட்டி ஒரு ஜோடி மெரூன் செருப்பு. வலது வாரில் ஜானகி தன் கையால் போட்ட வெள்ளை நூல் தையல்.