சிஞ்ஞோராவின் ஹீட்டர்

ஹீட்டர் விசிறியைக் கழற்றுவதற்காக நான் காம்பரின் தரையில் குப்புறப் படுத்திருந்தேன். கால்கள் கதவுக்கு வெளியே. மழை அவற்றை மட்டும் பார்த்து நனைத்தது.

காம்பர் என்றால் படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வான் வண்டி. சிசிலியில், மொண்டெல்லோவில், எங்கள் முதலாளியம்மா சிஞ்ஞோரா அகஸ்ரீனாவின் வளவுக்குள் நின்றது. நானும் என் மனைவி நாகபூசணியும் அந்த வீட்டில்தான் வேலை. குளிர் முடியும்வரை அதிலேயே இருங்கள் என்று சிஞ்ஞோரா சொல்லியிருந்தார்.

அதற்குமுன் நகரத்துக்குள் சீசா என்ற பகுதியில் ஒரே பிளாட்டில் ஒன்பது பேர். எங்கள் குடித்தனம் ஒரு சேலைத் திரைக்குப் பின்னால் நடந்தது. அந்தப் பக்கம் அருளம்பலம் அண்ணர் இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் கதையை நிறுத்திவிடுவோம்.

சிஞ்ஞோரா போட்டது ஒரே ஒரு சட்டம். காம்பருக்குள் சமைக்கக் கூடாது. கோப்பி போடலாம், அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு கிழமையாக, ஹீட்டரைப் போட்டவுடன் விசிறி மோட்டர் கத்தத் தொடங்கிவிடும். கயிறு போட்டு இழுத்தால் ஆடு கத்துமே, அப்படி. பக்கத்து வளவு நாய்களெல்லாம் பதில் சொல்லின.

இன்றைக்குள் சத்தம் நிற்காவிட்டால் வண்டியை இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சிஞ்ஞோரா காலையில் சொல்லிவிட்டார்.

திரும்பவும் அருளம்பலம் அண்ணரின் இருமலா? செத்தாலும் மாட்டேன்.

நான் மெக்கானிக் இல்லை. ஊரில் சைக்கிள் டைனமோ கழற்றிய கை. இதுவும் சுற்றுகிற சாமான்தானே என்று துணிந்துவிட்டேன்.

ஹீட்டர் இருந்தது அடுப்புக்கு நேர் கீழே. மூடியைத் திறந்து விசிறிச் சக்கரத்தை உருவினேன். பேரிங் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஏலக்காய் மணந்தது.

சக்கரத்தின் இதழ்களுக்குள் பாகு பிடித்து இறுகியிருந்தது. அதற்குள் சோறு, பிளம்ஸ் என்கிற காய்ந்த திராட்சை, இரண்டு இதழுக்கு நடுவில் ஒரு முழுக் கஜு, முந்திரிப்பருப்பு.

சர்க்கரைப் பொங்கல்!

தைப்பொங்கலன்று வேலை முடிந்து வந்து கேட்டேனே, நாகபூசணி என்ன சொன்னாள்? சட்டம் சட்டம்தானே, பொங்கவில்லை என்றாள். இவளுக்கு எவ்வளவு பொறுப்பு என்று எனக்கு மனம் உருகிவிட்டது. மறுநாள் கபோ சந்தைக்குப் போய்த் தோடம்பழம் வாங்கிவந்து கொடுத்தேன்.

இப்போது கஜுவை எடுத்து, படுக்கையில் இருந்த அவள் முகத்துக்கு நேரே காட்டினேன்.

“பொங்கினால் வழியத்தானே வேணும்,” என்று நாகபூசணி அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

சண்டை பிடிக்க நேரமில்லை. சுடுதண்ணீரில் போட்டு அவளுடைய பல் பிரஷ்ஷாலேயே தேய்த்தேன். வேண்டுமென்றுதான். தண்டில் ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விட்டுப் பூட்டினேன்.

சுவிட்சைப் போட்டால் சூடு வந்தது. சத்தம் வரவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

திரும்பிப் பார்த்தால் வாசலில் குடையோடு சிஞ்ஞோரா. அவருடைய பார்வை, சக்கரத்திலிருந்து நான் சுரண்டிப்போட்ட தட்டில் நின்றது. அதில் கஜு, பிளம்ஸ், சோறு எல்லாம் அப்படியே கிடந்தன.

நான் முந்திக்கொண்டு எலி என்றேன். சிசிலி எலிக்குக் கஜு எங்கே கிடைத்தது என்று கேட்டால் என்ன சொல்வது? அதை யோசிக்கவில்லை.

சிஞ்ஞோரா குனிந்து கஜுவை எடுத்து மணந்து பார்த்தார். நாகபூசணியைப் பார்த்தார். பிறகு குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

“போங்கலோ போங்கால்!”

நாகபூசணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தைப்பொங்கலன்று இரண்டு பேரும் சேர்ந்துதான் பொங்கினார்களாம்; தான் அடுப்பை மெதுவாகத்தான் வைத்தாளாம். இன்னும் வழியட்டும், இன்னும் வழியட்டும் என்று அடுப்பைக் கூட்டியது சிஞ்ஞோராவாம்.

இரும்புக்காரன் பேச்சையே காணோம். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வண்டி தப்பியது சந்தோசம்தான். ஆனால் எனக்கு ஒரு கரண்டி எடுத்துவைக்க ஒருத்திக்கும் தோன்றவில்லையே என்று, அந்த நல்ல சூட்டுக்குள் நான் மட்டும் உர்ரென்று இருந்தேன்.