பேர் எழுதாத மனு

"பேரைச் சொல்லுடி. பேர் இல்லாம மனு எப்படி எழுதறது?"

நாகம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்திருந்த செங்கமலம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"புருசன் பேரை எப்படிங்கக்கா சொல்றது?"

"ஆளு வீட்டுப் பக்கம் வந்து மூணு வருசம் ஆச்சு. இதுல பேருக்கு மரியாதை வேறயா?"

"மைன்ஸ்லதான் இருக்காருங்க. பர்மனன்ட் ஆயிட்டுத்தான் வூட்டு வாசப்படி மிதிப்பேன்னு சொல்லிட்டுப் போனாரு. இன்னும் கான்ட்ராக்டுதான். வெக்கப்பட்டுக்கினு வர மாட்டேங்கறாரு. நான் தேடிக்கினு போனா ஷிப்டை மாத்திக்கினு ஓடறாரு. கேட்டைத் தாண்டி நம்மள உள்ள வுட மாட்டாங்க. எனக்கு பர்மனன்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆளு வந்தாப் போதும்."

செங்கமலம் முத்தாண்டிக்குப்பத்துக்காரி. கெஸ்ட் ஹவுஸில் பெருக்கித் துடைத்துவிட்டு, அப்படியே நாகம்மாளின் குவார்ட்டர்ஸுக்கு வந்து பாத்திரம் தேய்ப்பாள். இன்றைக்கு வந்ததும் வராததுமாக, "பத்து மணிக்கு ஸ்கூல் ரோட்டுல ஜனாதிபதி வர்றாருங்க, ஒரு மனு எழுதிக் குடுங்க" என்று நின்றுவிட்டாள்.

"இந்த வாரம்னுதானே பேப்பர்ல போட்டிருந்தான்? இன்னைக்கேவா?"

"கெஸ்ட் ஹவுஸ் பெருக்கற எனக்குத் தெரியாதாங்க?"

அதுவும் சரிதான். புருசன் சண்முகசுந்தரத்தைக் கேட்கலாம் என்றால் அவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நாகம்மாளுக்கும் அந்த ஜனாதிபதியைப் பார்க்க ஆசைதான். கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு தீவு நாடு. பன்னிரண்டு வயதில் சுரங்கத்துக்குள் கூலியாக இறங்கியவராம். ஜனங்களே ஓட்டுப் போட்டு, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை ஜனாதிபதியாக உட்கார வைத்தார்களாம். நாற்காலியில் உட்கார்ந்ததும் போட்ட முதல் கையெழுத்தே தினக்கூலிகளை நிரந்தரமாக்கத்தானாம். சண்முகசுந்தரம் பேப்பரைப் பார்த்துப் படித்துக் காட்டியதிலிருந்து அவள் மனசுக்குள் அந்த மனிதர் நடமாடிக்கொண்டே இருந்தார். கருப்பு மண் ஒட்டிய காலோடு மாளிகைப் படியேறுகிறார். வாசலில் அவர் சம்சாரம் செம்பில் தண்ணீரோடு நிற்கிறாள். சோறு வடிக்கும்போதுகூட அந்த நினைப்புதான்.

"சரி, பேரை விடு. 'என் வீட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பி வைக்கவும்' அப்படின்னு மட்டும் எழுதறேன். யாருன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியுங்க" என்றாள் செங்கமலம். அவ்வளவுதான் சொன்னாள்.

மணி பத்தாகியும் மார்கழிப் பனி விலகவில்லை. பவர் ஹவுஸ் புகையும் பனியும் ஒன்றாகி, ரோட்டோர மரங்கள் எல்லாம் தண்ணீருக்குள் நிற்பதுபோலத் தெரிந்தன. பேண்டு வாத்தியம் எங்கேயோ தூக்கத்தில் கேட்பது மாதிரி கேட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதக் கொடியோடு வரிசையில் நின்றார்கள். கயிறு கட்டி போலீஸ் நின்றது.

பக்கத்து பிளாக் கனகம் மனுவை எட்டிப் பார்த்துவிட்டாள். "ஏன் நாகம்மாக்கா, முத்தாண்டிக்குப்பத்துப் புருசனைப் புடிச்சுக் குடுக்கத்தான் அவரு கப்பலேறி வர்றாராக்கும்?"

"அவரும் சுரங்கத்துல கெடந்தவருதான்டி. உனக்கென்ன தெரியும்?" என்றாள் நாகம்மாள், ஏதோ சொந்த அண்ணனை விட்டுக்கொடுக்காதவள் மாதிரி.

பனிக்குள்ளிருந்து ஒரு ஜீப் வந்தது. அதன் பின்னால் கொடி கட்டிய கருப்புக் கார் மிதந்து வருவதுபோல வந்து நின்றது. கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு, புருவம் வரை இறங்கிய தொப்பி, கழுத்தில் ரோஜா மாலை. நல்ல உயரம். ஒரு சின்னப் பெண் பூச்செண்டு நீட்டினாள். அவர் குனிந்து வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் கும்பிடு போட்டார். நாகம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சுரங்கத்துக் கூலி! இப்போது பார், ராஜா மாதிரி!

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் செங்கமலத்தைக் காணோம். கயிற்றுக்கு அடியில் நுழைந்து நடந்துகொண்டிருந்தாள். ஓடக்கூட இல்லை.

"ஏய், ஏய்! யாரும்மா அது?" போலீஸ்காரர் லத்தியைத் தூக்கினார்.

ஜனாதிபதி கையை உயர்த்தினார். போலீஸ்காரர் அப்படியே நின்றுவிட்டார். பேண்டும் நின்றது. செங்கமலம் மனுவை நீட்டினாள். அவர் வாங்கிப் பிரித்தார்.

அப்போதுதான் நாகம்மாளுக்குச் சுரீர் என்றது. 'அடக் கடவுளே, தமிழ்லதானே எழுதிக் குடுத்திருக்கேன்! தீவுக்காரருக்கு என்ன புரியும்?'

ஆனால் அவர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டே வரி. அதையே திரும்பத் திரும்பப் படித்தார். தொப்பிக்குக் கீழே கன்னத்தில் ஈரம் இறங்குவது கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. செங்கமலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

ஜீப்பிலிருந்து ஓர் அதிகாரி கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே குதித்து ஓடிவந்தார்.

"யோவ் தனகோட்டி! நாளைக்கு வர்ற ஜனாதிபதி இங்க ரெண்டு நிமிசந்தான்யா நிப்பாரு! உயரம் சரியா இருக்கேன்னு உன்னை மைன்ஸ்லேர்ந்து ஒத்திகைக்குக் கூட்டிக்கினு வந்தா, நின்னு அழுதுக்கினு இருக்க? ஏறு கார்ல!"

தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "இத முடிச்சிக்கினு வந்துடறேன் புள்ள, பஸ் ஸ்டாண்டாண்ட நில்லு... வூட்டுக்குப் போவலாம்" என்றார் ஜனாதிபதி.